சட்டை மாறினாலும் நம்ம பையன்தான்!

(வெளிமாநில கிளப்புகளில் ஆடும் தமிழ்நாட்டுக் கால்பந்து வீரர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் இடம்.)

கேள்வி: அண்ணாச்சி, நான் சென்னையின் எஃப்சி ரசிகன். ஆனா ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துல நந்தகுமார் காலுக்குப் பந்து போனா கை தன்னால தட்டுது. இது துரோகமா?
— எலுமிச்சை மண்டி ஊழியர், புளியங்குடி

தாராளமாகத் தட்டுங்கள். தட்ட வைக்கும்படிதான் அவர் ஆடியிருக்கிறார்.

2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுடன் ஆட்டம். ஈஸ்ட் பெங்கால்காரர்கள் அந்த எதிரியை வென்று நாலரை வருஷம் ஆகியிருந்தது. தொடர்ந்து எட்டு டெர்பி தோல்வி. கொல்கத்தாவில் அது வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை, வீட்டுத் துக்கம். அறுபதாவது நிமிஷம் வலது ஓரத்தில் நந்தகுமாருக்குப் பந்து வருகிறது. எதிரே நின்றவரை வெட்டி உள்ளே திரும்பி, இடது காலால் வளைத்துத் தூரத்து மூலைக்கு அனுப்பினார். ஒன்றுக்கு பூஜ்யம். அதே ஸ்கோரில் ஆட்டமும் முடிந்தது. சென்னையில் பிறந்த ஒருவரின் பெயர் அன்று இரவு வங்காளத்துத் தெருக்களில் முழங்கியது.

அதோடு நிற்கவில்லை. அதே மாதம் டூரண்ட் அரையிறுதியில் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டிடம் 0-2 என்று பின்தங்கிய ஆட்டத்தை, காயநேரத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் அணி இறுதிக்குப் போனது. 2024 ஜனவரியில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை இறுதி. எதிரணி ஒடிசா எஃப்சி. முந்தைய வருஷம் இதே கோப்பையை நந்தகுமார் வென்றது அந்த ஒடிசா சட்டையில்தான்! பழைய வீட்டுக்கு எதிராகவே சமன் செய்யும் கோலைப் போட்டார். கூடுதல் நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று ஜெயித்து, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பையைத் தொட்டது.

கிளப்புக்கு ஒரு கை, ஊர்க்காரருக்கு ஒரு கை. தட்டுவதற்கு எப்படியும் இரண்டு வேண்டுமே!

கேள்வி: சென்னையின் – ஈஸ்ட் பெங்கால் நேருக்கு நேர் மோதினா?
— அதே எலுமிச்சை மண்டி ஊழியர்

நந்தகுமார் கோல் போடட்டும், சென்னையின் இரண்டு போடட்டும்.

கேள்வி: நம்ம பிள்ளைங்க ஏன் ஊர் ஊராப் போயி ஆடணும்? இங்க கிளப்பே இல்லையா அண்ணாச்சி?
— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கடையநல்லூர்

இருந்தது ஐயா, அதுதான் வருத்தம். கோயம்புத்தூரை வீடாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி 2018-19இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. 2019 மார்ச் 9, கடைசி நாள் ஆட்டம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்ட அணி எது தெரியுமா? இதே ஈஸ்ட் பெங்கால். நந்தகுமாரும் அதற்கு முன்பு சென்னை சிட்டியில் ஆடிக் கிளம்பியவர்தான்.

இரண்டே வருஷத்தில் அந்த கிளப் தேசிய லீகிலிருந்து மறைந்தது. பட்டம் வென்ற பையன்கள் சிதறினார்கள்: அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்கு, அஜித் குமார் பெங்களூருக்கு, எட்வின் வான்ஸ்பால் சென்னையினுக்கு. ஐஎஸ்எல்-இல் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு கிளப். ஒரு கிளப்பின் பெஞ்சில் எத்தனை பேர் உட்கார முடியும்? இன்னொரு பக்கம், 2021-22 முதல் களத்தில் நான்கு வெளிநாட்டவருக்கு மேல் இறக்கக் கூடாது என்று விதி வந்தது. மீதி ஏழு பேர் இந்தியர்களாக இருந்தாக வேண்டும். ஓரத்தில் வேகமாக ஓடத் தெரிந்த தமிழ்ப் பையனைத் தேடி எல்லா ஊர் கிளப்பும் வருவது அதனால்தான்.

பிள்ளைகள் போவதில் தப்பே இல்லை. திரும்பி வர இங்கே இரண்டாவது, மூன்றாவது கிளப் இல்லாததுதான் குறை. பணமும் மைதானமும் வைத்திருப்பவர்கள் காதில் இது விழ வேண்டும்.

கேள்வி: பட்டணத்துப் பையன்களுக்குச் சரி. எங்களை மாதிரி சின்ன ஊர்க்காரனுக்கு வழி உண்டா?
— பிளஸ் டூ மாணவர், வாசுதேவநல்லூர்

உண்டு தம்பி. சிவகங்கை மாவட்டம் கண்டனூர் என்றால் ப. சிதம்பரத்தின் ஊர் என்றுதான் பலருக்குத் தெரியும். இப்போது கால்பந்துக்காரர்களுக்கு அது சிவசக்தி நாராயணன் ஊர். 2022 டூரண்ட் இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராகப் பெங்களூரு எஃப்சி-யின் முதல் கோல் அவருடையது, பதினோராவது நிமிஷத்தில். கோப்பையும் பெங்களூருக்கு. அந்த ஐஎஸ்எல் பருவத்தில் வளரும் வீரர் விருதும் அவருக்கே.

அதைவிடப் பெரிய விருது ஒன்று உண்டு. 2023 மார்ச் 18, ஐஎஸ்எல் இறுதி. இந்தியாவின் அதிகபட்ச கோல்காரர் சுனில் சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, முன்களத்தில் ஆரம்பித்தது சிவசக்தி! ஆனால் விதி வேறு கணக்கு வைத்திருந்தது. சில நிமிஷங்களிலேயே மோதிக் காயப்பட்டு வெளியேறினார், சேத்ரி உள்ளே வந்தார். பெனால்டியில் ஏடிகே மோகன் பகான் ஜெயித்தது. அன்றைக்கு அந்தப் பையன் முழு நேரமும் ஆடியிருந்தால் என்ற ஏக்கம் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இன்னும் இருக்கிறது.

அவர் ராமன் விஜயன் கால்பந்துப் பள்ளியில் பழகியவர். இந்த ராமன் விஜயனும் வெளியூர்ச் சட்டையில் பேர் வாங்கியவர்தான்: 1997-98 தேசிய லீகில் எஃப்சி கொச்சினுக்காகப் பத்து கோல் அடித்து முதலிடம் பிடித்தவர்.

கேள்வி: அண்ணன் தம்பி ஒரே அணியில ஆடினது உண்டா?
— ஜவுளிக்கடை உரிமையாளர், தென்காசி

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் இரையுமன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் 2019-20இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் சேர்ந்து ஆடினார்கள். பட்டமும் கிடைத்தது, இறுதியில் தோற்றது நம்ம சென்னையின். அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டத்தில், கால் மணி நேரம் ஆவதற்குள் சூசைராஜுக்கு முட்டியில் பெரிய காயம். இடது ஓரத்தில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது.

கேள்வி: பொம்பளைப் பிள்ளைங்களைப் பத்தி ஒரு வரியும் காணோமே?
— பீடி சுற்றும் தொழிலாளி, புளியங்குடி

சரியான கேள்வி அக்கா. 2019இல் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது மதுரையின் சேது எஃப்சி. ஆண்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லத் தகுந்த கிளப். கடலூர்க்காரர் இந்துமதி கதிரேசன் அந்தச் சட்டையில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் முகக்கவசத்தோடு ரோந்து நின்றார். இன்னொரு கடலூர்ப் பெண் சந்தியா ரங்கநாதன் சேதுவிலிருந்து கோகுலம் கேரளாவுக்கும் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்கும் போனார். இவர்கள் ஆட்டம் பெரும்பாலும் பகல் வெயிலில், காலி கேலரிக்கு முன்னால் நடக்கிறது. யூடியூபில் நேரலை வந்தால் போட்டுவிடுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கை ஒன்று கூடும்.

கேள்வி: வேற நாட்டுலயும் இப்படி ஆளைத் தேடிப் பார்ப்பாங்களா?
— கல்லூரி மாணவி, சங்கரன்கோவில்

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. எல்லை தாண்டி மெக்சிகோ லீகில் ஆடும் தங்கள் நாட்டு வீரர்களை வாராவாரம் கணக்கு வைத்துப் பார்ப்பார்கள். 2010இல் புவேப்லா கிளப்புக்காக ஹெர்குலஸ் கோமெஸ் பத்து கோல் அடித்து, மெக்சிகோ லீகின் அதிக கோல்காரர் பட்டத்தைப் பங்கிட்டார். அந்தக் கோல்கள்தான் அவரைத் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பை அணியில் சேர்த்தன. இப்போது அலெஹாண்ட்ரோ சென்டெஹாஸ்: பிறந்தது மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ், வளர்ந்தது எல்லைக்கு இந்தப் பக்கம் டெக்சாஸின் எல் பாஸோவில். மெக்சிகோ லீகின் 'கிளப் அமெரிக்கா' அணியோடு தொடர்ந்து மூன்று பட்டம் வென்றார். தேசிய அணிக்கு அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார்.

ஆரியங்காவு கணவாய்க்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் உறவும் வைத்திருக்கும் செங்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கேள்வி: நேர்ல பாக்க ஆசை. எப்படி, எப்போ?
— ஆட்டோ ஓட்டுநர், புளியங்குடி

டூரண்ட் கோப்பை சமீப வருஷங்களில் ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. நமக்குக் குற்றாலம் சீசன். அந்த மாதங்களில் உங்களுக்கு சவாரி அதிகம், ஆகவே போனில் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஐஎஸ்எல் அட்டவணை வந்ததும் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் ஈஸ்ட் பெங்காலையோ பெங்களூருவையோ சந்திக்கும் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புளியங்குடியிலிருந்து தென்காசிக்கு பஸ். அங்கே இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன். கலூர் ஸ்டேடியம் பக்கம்தான். மஞ்சள் சட்டைக் கடலுக்கு நடுவே உட்கார்ந்து தமிழில் கத்தலாம். நல்ல பந்துக்குப் பக்கத்து சீட்டு மலையாளியும் சேர்ந்து தட்டுவார். ஆரம்ப அணிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வெளியாகும். நம்ம பையன் பெஞ்சில் இருந்தால் இடைவேளையில் வெளியே போய்விடாதீர்கள். களைத்த டிஃபென்டரைத் தாண்டி ஓட ஓரத்து ஆட்டக்காரரை இறக்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.