மும்மூன்றாய் அடுக்கிய வீரம்

கொள்ளுப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நம்மவர் நால்வரைக்கூட ஒரே வரிசையில் நிறுத்துவது அசாத்தியமென்று நித்தியமும் கண்டுவரும் எனக்கு, 1923இல் இத்தாலியில் முசோலினி தம் கருஞ்சட்டைக் கூட்டத்தைச் சேனையாக்கிய சாமர்த்தியம் பேராச்சரியமே. மூன்று குழு சேர்ந்தால் ஒரு மனிப்போலோ, மூன்று மனிப்போலோ ஒரு செந்தூரியா, அவை மூன்று ஒரு கொஓர்த்தே, அவையும் மூன்று சேர்ந்தால் ஒரு லெஜியோனே என்று, புராதன ரோமாபுரியின் நாமதேயங்களைத் தூசி தட்டியெடுத்து, நேற்றுவரை தெருவில் தடியும் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலுமாகத் திரிந்தவர்களுக்குச் செந்தூரியன், கொன்சல் என்று பட்டாபிஷேகமும் செய்துவைத்த அம்மகானுபாவர், தமக்கோ, அடக்கத்தின் சிகரமாய், பின்னர் அச்சேனை முழுவதற்குமான கொமாண்டன்ட் ஜெனரல் பதவியையே வைத்துக்கொண்டார். 1943 ஜூலை 25ஆம் திகதி அரசர் அவரைக் கைதுசெய்வித்தபோது, அத்தனை லெஜியோன்களில் ஒன்றேனும் அவரை மீட்கப் புறப்படவில்லை.