குறையே தகுதி

வேலைக்கு ஆள் எடுக்கும்போது ‘உங்கள் பலவீனம் என்ன?’ என்று கேட்பார்கள். ‘அளவுக்கு மீறி உழைப்பேன்’ என்று கூசாமல் சொல்வது மரபு. நம் சமையலறைப் பாத்திரங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஒவ்வொன்றும் தன் குறையைக் காட்டித்தான் வேலை வாங்கியிருக்கிறது. மண்பானையைப் பாருங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரம் கசிவதைவிடப் பெரிய குற்றம் உண்டா? ஆனால் நுண்துளை வழியே கசிந்த ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், உள்ளே இருக்கும் சுமார் 58 கிராம் நீரை 10 டிகிரி குளிர்விக்கப் போதும். சொட்டுக்கூடக் கசியாத பிளாஸ்டிக் குடம் கோடையில் வெந்நீர்தான் தரும். (காற்றிலேயே ஈரம் நிறைந்த சென்னையில் பானையும் கொஞ்சம் சோம்பல் காட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) கல்சட்டியும் இந்த ஜாதிதான். சூடேற அடம்பிடிக்கும், ஏறிய சூட்டை விடவும் அதே அடம். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் வற்றல் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

இந்த வரிசையில் என் அபிமானப் பாத்திரம் ஈயச் சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கப் போனால், விளம்பர இடைவேளையில் திரும்பும்போது சொம்பு இருக்காது, அடுப்பில் வெள்ளிக் குழம்பு இருக்கும். உள்ளே ரசம் இருக்கும்வரை அது 100 டிகிரியை ஒட்டியே நின்று சொம்பைக் காப்பாற்றும். தீ பக்கவாட்டில் ஏறினால் ரசத்தாலும் காக்க முடியாது. ஆகவே முதலில் ரசம், பிறகு தீ, அதுவும் சிறு தீ, பக்கத்தில் ஒரு ஆள். ‘ஈயம்தான் ரசத்துக்கு மணம் தருகிறது’ என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ரசம் மணப்பது பயத்தால். நுரை கட்டியதும் இறக்க வேண்டிய ரசத்தை உரிய நேரத்தில் இறக்க வைப்பது, சொம்பு போய்விடுமே என்ற கவலைதான்.

அப்படியானால் எவர்சில்வர் எப்படி எல்லோர் வீட்டையும் பிடித்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துருப்பிடிக்காது, புளிக்கு அஞ்சாது, கீழே விழுந்தால் சத்தம் போடுமே தவிர உடையாது. அதிலுள்ள குரோமியம் மேலே கட்டும் மெல்லிய ஆக்சைடு படலம் செய்யும் உபகாரம் இது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் அது செம்பின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். தீ பட்ட இடம் மட்டும் காய்ந்து பால் அடிப்பிடிக்க, கடைசியில் அதன் அடியிலேயே செம்பைப் பூசி விற்க வேண்டியதாயிற்று. எல்லா வேலைக்கும் வருபவருக்கு எந்த வேலையிலும் முதல் மரியாதை கிடைப்பதில்லை.

குறை எல்லாமே தகுதியாகிவிடுமா என்றால், ஆகாது. ஊறுகாய் ஜாடி உடையும் என்பதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. உப்பும் புளிப்பும் அரிக்காது என்பதால் உடைவதைப் பொறுத்துக்கொள்கிறோம், அவ்வளவே. காரீயத்துக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. அது வெள்ளீயத்தைவிடத் தாமதமாக, 327 டிகிரியில்தான் உருகும், ஆனால் நஞ்சு. ஈயச் சொம்பு வாங்கப் போகிறவர்கள், சுத்தமான வெள்ளீயம்தானா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டு வாங்குங்கள்.