யூடிஆர் வந்தது, கணக்குப்பிள்ளை போனார்

ஏஐ ஏஜென்டுக்குப் பாடம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பழைய ப்ராஜெக்டைப் புது வெர்ஷனுக்குக் கொண்டுவரும் டூல் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதை எப்படி ஓட்டுவது என்று மனுஷனுக்கு இல்லை, ஏஜென்டுக்கு விளங்குகிற மாதிரி எழுத வேண்டும். லீவுக்கு உசிலம்பட்டி வந்தவன், சீயான் (தாத்தா) வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை விரித்தேன்.

"என்னடா எழுதுற?"

"பழைய கணக்கைப் புதுசாக்க ஒரு ஆள் வச்சிருக்கோம் சீயான். அவனுக்கு விவரம் எழுதிக் குடுக்குறேன்."

"யூடிஆரா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

எங்கள் பக்கம் யூடிஆர் என்பது திட்டத்தின் பெயரில்லை, வசவு. அதன் கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

1820-ல் சென்னை மாகாணத்துக்கு கவர்னராக வந்த தாமஸ் மன்றோ, ஜமீன்தார் நடுவில் வேண்டாம், சர்க்காரும் சம்சாரியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும் என்று ரயத்துவாரிக்காக மல்லுக்கட்டியவர். நல்ல எண்ணம்தான். ஆனால் நேருக்கு நேர் பேசிய இருவருக்கும் நடுவில், காதில் பேனா செருகிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கர்ணம், ஊர்வாயில் கணக்குப்பிள்ளை. எந்த சர்வே நம்பரில் என்ன வெள்ளாமை என்று வயலுக்கே போய்ப் பார்த்து அடங்கலில் எழுத வேண்டும் என்பது சட்டம். புளியமரத்தடியில் உட்கார்ந்து, போகிறவனை நிறுத்தி, "மேக்காட்டுல என்னப்பா, சோளமா?" என்று கேட்டு எழுதுவது வழக்கம். டெஸ்டை ஓட்டியே பார்க்காமல் "எல்லாம் பாஸ்" என்று இன்றைக்கு அறிக்கை தருகிற ஏஜென்ட் அமெரிக்காவில் பிறந்தது என்கிறார்கள். எனக்கென்னவோ அதன் பூர்வீகம் அந்தப் புளியமரம்தான்.

சர்க்காரும் லேசுப்பட்டதில்லை. திடீரென்று வந்து பயிரை ஒத்துப்பார்க்க வருவாய் ஆய்வாளரின் அஜ்மாயிஷ், வருஷக் கணக்கை முடிக்க ஜமாபந்தி. ஜூலை 1 ஆனால் பசலி ஒன்று கூடும். 2025 ஜூலையில் பிறந்தது பசலி 1435. சாஃப்ட்வேர்க்காரன் வெர்ஷன் நம்பர் போடப் பழகும் முன்பே தாலுகா ஆபீஸில் அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

1979 ஜூனில் பழைய நிலப் பதிவேட்டையெல்லாம் நடப்புக்குக் கொண்டுவருகிறோம் என்று யூடிஆர் ஆரம்பமானது. ஏக்கர், சென்ட் போய் எக்டேர், ஏர்ஸ் வந்தது. வேலை பாதியில் நிற்கையில், 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளையே ஒழித்தது. ஒரு காலத்தில் பரம்பரைப் பதவி, ஊரையே கைக்குள் வைத்திருந்த பதவி. ஒழித்தது சரியென்றுதான் நானும் சொல்வேன், 1982-ல் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது. ஆனால் ஆண்டிப்பட்டி கணவாயில் பஸ் திரும்புகிற நேரம் பார்த்து டிரைவரை இறக்கிவிட்டிருக்க வேண்டாம்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பதிவேடு கைக்கு வந்தது. கணக்குப்பிள்ளையின் மண்டை அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த மண்டையில் என்ன இருந்தது? எங்கள் பக்கத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒச்சாண்டம்மன் புண்ணியத்தில் தெருவுக்கு நாலு ஒச்சு. அப்பன் பெயரைக் கேட்டால் அதிலும் பாதிப் பேருக்கு மாயாண்டி. பதிவேட்டில் 'ஒச்சு, த/பெ மாயாண்டி' என்று மூன்று இடத்தில் இருக்கும். இது கிணத்தடி ஒச்சு, இது மிலிட்டரி ஒச்சு, இது ஓடிப்போன ஒச்சு என்று பிரித்துச் சொல்ல கணக்குப்பிள்ளைக்கு ஏடு வேண்டாம். ஏட்டை மட்டும் பார்த்துப் புதுப்பித்தால் கிணத்தடிக்காரர் நிலம் மிலிட்டரிக்காரர் பட்டாவில் ஏறும். யூடிஆர் 1987-ல் முடிந்தது. யூடிஆர் பிழைத்திருத்த மனு இன்னும் மாவட்ட வருவாய் அலுவலர் மேஜைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தாத்தா பெயரில் விழுந்த பிழைக்குப் பேரன் கையெழுத்துப் போடுகிறான்.

ஏஜென்ட் படிப்பதற்கென்றே ப்ராஜெக்டுக்குள் 'ஏஜென்ட்ஸ் டாட் எம்டி' என்று ஒரு ஃபைல் வைக்கும் பழக்கம் 2025-ல் பரவியது. அன்று திண்ணையில் நான் எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். எந்தக் கட்டளை, எந்த வரிசை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். சீயான் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தலையாரியக் கேட்டுக்கடான்னு எங்கயுமே இல்லையே" என்றார். 1980-ல் ஊர்க் காவல்காரரான தலையாரிக்கு வேலை போகவில்லை. புதிதாக வந்தவருக்கு வரப்பைக் காட்டிக்கொடுத்தது அவர்தான்.

சேர்த்தேன். 'ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் கை வைக்காதே. ப்ராஜெக்டில் பழைய ஆள் யாரென்று பார்த்து அவரைக் கேள். பழைய ஏட்டை அழிக்காதே.' சோதித்துப் பார்க்க மூன்று ஒச்சுவையும் ஒரு ஃபைலில் போட்டு ஏஜென்டை ஏவினேன். சீயான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது விநாடி ஆகியிருக்காது, பச்சை எழுத்தில் அறிக்கை வந்தது.

'குறிப்புகள் முழுவதையும் படித்தேன். ஒச்சு என்ற பெயரில் ஒரே பதிவு மூன்று முறை இருந்தது. மிகையான இரண்டை நீக்கிவிட்டேன். புதுப்பித்தல் வெற்றி.'

சீயான் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "பய எஸ்.எஸ்.எல்.சி. பாஸோ?"