டிரிப் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஆள்

ஃபார்ம் டி என்னும் மருந்தாளுநர் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் இருக்கும் மாணவர் சங்கங்களால் தம்படிக்குப் பிரயோஜனம் இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள். பிள்ளைகளை வேலைக்குத் தயார் செய்வதில் அந்தச் சங்கங்களை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த வேலைக்கு என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

செப்டம்பர் 25, உலக மருந்தாளுநர் தினம். 1912இல் அதே தேதியில்தான் சர்வதேச மருந்தாளுநர் கூட்டமைப்பு பிறந்தது. நம் ஊர்ச் சங்கம் அன்று என்ன செய்யும்? கேப்ஸ்யூலைக் கொட்டிக் கோலம் போடும். கல்லூரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை பேரணி போகும். ஃபிளெக்ஸில் தாளாளர் முகம் பலாப்பழம் அளவுக்கும் 'மருந்தாளுநர்' என்ற சொல் பலாக்கொட்டை அளவுக்கும் இருக்கும். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். அதுவரை வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகள் சந்தனக் கிண்ணத்தோடு வரிசையில் நிற்பார்கள்.

வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள், அதுதான் பாடமே. நாளை ஒரு தனியார் மருத்துவமனை தரச்சான்றிதழுக்காக இவர்களில் ஒருவரை வேலைக்கு எடுக்கும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், அவருக்குப் பின்னால் சின்ன டாக்டர்கள், பிறகு நர்ஸ், அதற்கும் பிறகு டிரிப் ஸ்டாண்ட். அதன் மறைவில் நிற்பவர்தான் நம் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட். வாய் திறக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் வித்தையைச் சந்தனக் கிண்ணம் அல்லவா கற்றுக்கொடுத்தது?

அடுத்தது, நோயாளி ஆலோசனைப் போட்டி. இடம் குளிரூட்டிய அரங்கம். நோயாளி, இரண்டாம் ஆண்டு மாணவன். இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசினால் ஒரு மதிப்பெண், புன்னகைக்கு ஒரு மதிப்பெண். நோயாளிக்கு எல்லாம் புரிந்துவிடும். போன வாரமே மனப்பாடம் செய்தவன் அவன். ஷீல்டு, கைதட்டல், குரூப் போட்டோ.

கல்லூரிக்கு 300 படுக்கை கொண்ட மருத்துவமனை இருந்தாக வேண்டும் என்கிறது விதி. அத்தனை படுக்கையிலும் நிஜ நோயாளிகள் தமிழில் முனகிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு நான்கு பேராக, ஒருவருக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்கும் திட்டம் எந்தச் சங்கத்திடம் இருக்கிறது? மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்ட 2010இலேயே தேசியத் திட்டம் வந்துவிட்டது. படிவமும் இருக்கிறது. ஆனால் மாணவர்களின் லாக் புக்கில் நோயாளிகள் பிறப்பதோ ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய இரவில்தான். ஐம்பது பேருக்கும் ஒரே பக்கவிளைவு: அரிப்பு. ஐம்பது பேருக்கும் ஒரே கையெழுத்து.

ஃபார்ம் டி 2008இல் தொடங்கிய படிப்பு. இன்டர்ன்ஷிப்போடு ஆறு ஆண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை மருந்தாளுநர் வேலைக்கோ இரண்டாண்டு டிப்ளமோ போதும். ஆறு ஆண்டுப் படிப்புக்கு வார்டில் ஒரு நாற்காலி எங்கே என்று எந்தச் சங்கமாவது தீர்மானம் போட்டதா? இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கேட்டதா? கேட்காது. சங்கத் தலைவரைக் கல்லூரி முதல்வர் நியமிக்கிறார், செயலாளரைத் தலைவர் நியமிக்கிறார். தேர்தல் என்ற சொல்லே வளாகத்துக்குள் கெட்ட வார்த்தை. இவர்கள் ஏகமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம், பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்வது. முன்னால் போட்டுக்கொண்டார்கள். நிற்பது பின்னால்தான்.

இனி, ஷீல்டு வாங்கிய பெண்ணை வார்டில் வைத்துப் பாருங்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதப்பட்ட ஒரு பாட்டி வீட்டுக்குக் கிளம்புகிறார். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. பிரஷர் மாத்திரை போல தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். பரீட்சையில் இதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் அவள். இன்று சீட்டில் 1-0-0 என்று இருக்கிறது, தினமும் காலையில் ஒன்று. அவள் கண்ணில் அது பட்டுவிட்டது.

"சார், இது வாரத்துக்கு ஒருநாள்தானே?" என்று நான்கு சொல் பேச வேண்டும். அதற்கு ஷீல்டு கிடையாது. பெரிய டாக்டரின் புருவம் உயரும், முதல்வருக்கு போன் போகும், லாக் புக்கில் கையெழுத்து விழாமல் போகும். ஆறு வருடமாக அவள் கற்ற இன்னொரு பாடம் ஒன்று இருக்கிறதே!

அவள் பாட்டியின் கண்ணைப் பார்த்தாள். புன்னகைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக இரண்டு மதிப்பெண். பாட்டி மாத்திரைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார், போன செப்டம்பரில் பேரணி போன அதே வழியில்.