முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய்

அம்மிணி, உன்ற ஆராய்ச்சித் தலைப்பை நீயே ஒரே மூச்சுல சொல்ல முடியாம மூச்சு வாங்கறயே. நிலைத்த வளர்ச்சி, அறம், தொழில்முனைவு, மூணும் சந்திக்கிற இடமாம். எங்கூர் முச்சந்தியில அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பாங்க. உடைச்சவன் திருஷ்டி கழிஞ்சுதுன்னு திரும்பிப் பாக்காம ஊட்டுக்குப் போயிருவான். பின்னால வண்டியில வர்றவன் சறுக்கி விழுந்து முட்டியைப் பேத்துக்குவான். உன்ற புத்தகத்துல உடைச்சவனைப் பத்தி முந்நூறு பக்கம் வரும்போலத் தெரியுது. விழுந்தவனுக்கு ஒரு அடிக்குறிப்பாச்சும் போடு சாமி.

பட்டம் வாங்கறதுக்கு வழி வேணும்னா அப்புச்சி சொல்றேன், கேட்டுக்க. கம்பெனி முதலாளிங்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பு. ‘எங்கள் நிறுவனம் அறநெறிகளை மதிக்கிறது.’ ஒண்ணுல இருந்து ஏழுக்குள்ள ஒரு எண்ணைச் சுழிக்கணும். ஒண்ணைச் சுழிக்கிற முதலாளி லண்டன்லயும் இல்லை, திருப்பூர்லயும் இல்லை. ஆறைச் சுழிக்கறவன் கெட்டிக்காரன். ஏழு போட்டாச் சந்தேகம் வரும்னு தெரிஞ்சவன். அந்த ஆறையும் ஏழையும் கம்ப்யூட்டர்ல போட்டு ஆட்டி, பக்கத்துல மூணு நட்சத்திரம் ஒட்டி, அறம் இருந்தா லாபம் கூடுதுன்னு முடிச்சிரு. எங்க அனுப்பறதுன்னு ரோசிக்கவே வேண்டாம். இந்த லண்டன்ல ஃபைனான்சியல் டைம்ஸ்னு வெளிர்சிவப்புத் தாள்ல பேப்பர் போடறாங்களே, அவங்களே ஐம்பது ஆராய்ச்சி இதழுக்குப் பட்டியல் போட்டிருக்காங்க. 2016 பட்டியல்ல ‘ஜர்னல் ஆஃப் பிசினஸ் எதிக்ஸ்’ இருக்குது. அதுல ஒண்ணு வந்துட்டா வாத்தியார் வேலைக்குப் பாதிக் கெணறு தாண்டின மாதிரி. ஏழைக்கு எரக்கப்பட்டு எழுதற கட்டுரையையும் பலதைப் பணம் கட்டினாத்தான் தொறந்து காட்டுவாங்கங்கறது வேற விசயம்.

ஒண்ணுல மட்டும் சூதானமா இரு. 2012-ல அமெரிக்காவுல ஒரு கட்டுரை வந்துச்சு. படிவத்துக்கு அடியில வாங்கற கையெழுத்தைத் தலைப்புலயே வாங்கிட்டா சனங்க நெசத்தை எழுதறாங்கன்னு கண்டுபிடிச்சாங்களாம். காரு எத்தனை மைல் ஓடுச்சுன்னு இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்ற கணக்கை வெச்சு அதுல ஒரு நிரூபணம். 2021-ல தோண்டிப் பாத்தா அந்த மைல் கணக்கே ஜோடனை. கட்டுரையைத் திரும்பப் பெத்துக்கிட்டாங்க. நேர்மையைப் பத்தின ஆராய்ச்சிக்கே பொய்க்கணக்குன்னு எங்கூர் சொசைட்டிக்குப் பால் ஊத்தறவன் கேட்டா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்.

சிரிக்காமப் பேச வேண்டிய மனுசர் ஒருத்தர் இந்த நாட்டுல இருக்கறார், ஜான் எல்கிங்டன்னு. லாபத்துக்கு மட்டும் கணக்கு எழுதாதீங்க, சனத்துக்கும் பூமிக்கும் சேத்து எழுதுங்கன்னு 1994-ல சொன்னவர் அவர்தான். ‘ட்ரிப்பிள் பாட்டம் லைன்’னு நீ தூக்கத்துல கூட ஒளறறயே, அதுதான். 2018-ல அவரே ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவுல எழுதினார்: என்ற சரக்கை நானே திரும்ப வாங்கிக்கறேன், பழுது பாக்கணும்னு. முதலாளித்துவத்தையே ரோசிக்க வெக்கத்தான் சொன்னேன், நீங்க அதைக் கணக்கு நோட்டாக்கிட்டீங்கன்னு அவருக்கு மனத்தாங்கல். கடைக்காரரே சரக்கு சரியில்லைன்னு சொல்லியாச்சு. உன்ற வாத்தியாருங்க பழைய ஸ்டாக்கை இன்னும் தள்ளிக்கிட்டு இருக்காங்க.

அப்புறம் அந்தப் பழச்சாறுக் கதை. மூணு பசங்க 1998-ல லண்டன்ல ஒரு பாட்டுக் கச்சேரித் திடல்ல சாறு வித்தாங்களாம். வேலையை விட்டுட்டு இதையே செய்யலாமான்னு எழுதி, ‘ஆமா’ன்னு ஒரு குப்பைத்தொட்டி, ‘வேண்டாம்’னு ஒரு குப்பைத்தொட்டி. சாயங்காலம் ‘ஆமா’த் தொட்டி நெறைஞ்சுபோச்சு, அடுத்த வருசம் இன்னொசென்ட்னு கம்பெனி. வகுப்புல இதைச் சொல்லும்போது எல்லாரும் உருகறீங்க. 2010-ல அதுல பெரும்பங்கு கோகோ கோலா கைக்குப் போனதையும் சொல்றாங்களா? பூமியைச் சரிபண்ணலாம் வாங்கன்னு பாட்டுப் பாடி எடுத்த விளம்பரத்தை, எங்களை வாங்கினா பூமிக்கு நல்லதுங்கற மாதிரிக் காட்டறீங்க, அதுக்கு ஆதாரம் இல்லைன்னு 2022 பிப்ரவரியில விளம்பரத் தர ஆணையம் நிறுத்தினதைச் சொல்றாங்களா? சாறு என்னமோ பிளாஸ்டிக் பாட்டில்லதான். ரெண்டாவது தொட்டியும் அன்னிக்குத்தான் நெறைஞ்சுச்சு அம்மிணி.

போன வாரம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனயே, அங்க ஒரு பனியனை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். பக்கத்துல ஓவர்லாக், அடிமடிப்புல ஃப்ளாட்லாக், கழுத்துப்பட்டி துளிகூட நெளியலை. நம்மூர்க் கைதான். உள்ள எறும்பெழுத்துல ‘மேட் இன் இந்தியா’. வெளிய பச்சை அட்டை, அதுல ஒரு இலை, பூமிக்கு நல்லதுன்னு ஒரு வாக்கியம். நான் மோந்து பாத்ததைக் கண்டு கடைப்புள்ள மெரண்டுட்டா. வாசம் ஒண்ணும் வரலை. அது எங்க கெடக்குதுன்னு எனக்குத் தெரியும், ஒரத்துப்பாளையத்துல.

1992-ல வெள்ளாமைக்குன்னு கட்டின அணை அது. நொய்யல் ஆத்துல வந்து சேந்ததென்னவோ சாயத்தண்ணி. பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா மூட்டை மூட்டையா உப்புப் போடணும்; அத்தனையும் ஆத்துல கரைஞ்சு எங்க கெணத்துக்கு வந்துச்சு. தென்னை குரும்பையிலேயே கொட்டுச்சு. எருமை தொட்டியில வாயை வெச்சுப்போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். தயவு பண்ணி அணையைத் தொறந்துடாதீங்க சாமின்னு வெவசாயிங்களே அதிகாரிகளைக் கெஞ்சின ஊரு எங்களுது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போச்சு. 2006 கடைசியில, ஒரு சொட்டுக் கழிவும் வெளிய வரக்கூடாது, அது நிக்கற வரைக்கும் லிட்டருக்கு 6 பைசாவுல தொடங்கி 10 பைசா வரைக்கும் அபராதம்னு உத்தரவு. சாயப்பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2009-ல அங்கயும் எடுபடலை. அப்பவும் முழுசாத் திருந்தலைன்னு 2011 ஜனவரியில பட்டறைங்களையே மூடச் சொல்லிட்டாங்க. எழுநூறுக்கு மேல பூட்டு விழுந்துச்சு. சாயம் போட ஆள் இல்லாம திருப்பூரே தத்தளிச்சுது.

இன்னிக்குச் சுத்திகரிப்பு நிலையத்துல தண்ணியை வடிகட்டித் திரும்பவும் சாயத்துக்கே விடறாங்க. நாளொண்ணுக்கு 13 கோடி லிட்டர்னு ஏத்துமதிக்காரங்க சொல்றாங்க. பெருமைதான், நான் இல்லைங்கல. ஆனா உன்ற மாதிரிப் புள்ளைங்க எழுதும்போது அது தொலைநோக்குள்ள தொழில்முனைவோர் கண்ட பசுமைக் கனவாயிருது. எங்க கண்டாங்க? கோர்ட்டு வராந்தாவுல பெஞ்சு மேல சாஞ்சு கண்டாங்களா? கேஸ் போட்ட கெழவனுங்க பேரு நீங்க வரையற எந்தப் படத்துலயும், எந்த அம்புக்குறியிலயும் இல்லை. வடிகட்டி மிஞ்சின உப்பும் சேறும் மூட்டையா அடுக்கிக் கெடக்கறதும் இல்லை.

நீ மேற்கோள் காட்டற டீன், மெக்மல்லன் கட்டுரை 2007-ல வந்ததுதானே? சுற்றுச்சூழல் கெடறது சந்தையோட கோளாறு, அந்தக் கோளாறுல தொழில்முனைவோருக்கு வாய்ப்பு இருக்குதுன்னு எழுதினவங்க. அவங்களைக் கொறை சொல்ல மாட்டேன். சட்டமும் விதியும் மாறணும்னு அவங்களும் சொல்லித்தான் இருக்காங்க. படிக்கறவங்கதான் ‘வாய்ப்பு’ங்கற எடத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக்கறாங்க. அதே 2007-ல எங்கூர்ல அபராத மீட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வாய்ப்பு வந்தது அந்த வழியா.

நேத்து எங்கிட்டப் பேட்டி எடுக்க ஒரு சம்மதப் படிவம் நீட்டினயே, எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. ‘எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்’னு போட்டிருக்குது. என்ற கெணத்துக்குச் சாயத்தண்ணி வந்தப்ப இந்தக் காயிதத்தை ஆரும் நீட்டலை. உன்ற காலேஜுக்கு என்ற நன்றியைச் சொல்லிரு.

இந்த நாட்டுல 2015-ல வந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தையும் படிச்சுக் காட்டின. 3.6 கோடி பவுண்டும் அதுக்கு மேலயும் வியாபாரம் பண்ற கம்பெனி, சரக்கு வர்ற வழியில அடிமை வேலை இல்லாமப் பாத்துக்க என்ன செஞ்சோம்னு வருசா வருசம் எழுதணும். ஒண்ணுமே செய்யலைன்னு எழுதினாலும் அது சட்டப்படி செல்லுமாமே! அப்படி எழுதின கம்பெனி ஒண்ணைத் தேடிப் புடி. உன்ற ஏழு எண் கேள்வித்தாள் அத்தனையிலயும் கெடைக்காத உண்மை அந்த ஒத்தை வரியில கெடைக்கும்.

அப்புறம் ஒரு நாள் பனியன் வாங்கற கம்பெனி ஆபீசுக்குப் போ. பச்சை அட்டை எழுதறவங்க மேல்மாடியில இருப்பாங்க, மூங்கில் டம்ளர்ல காப்பி குடுப்பாங்க, குடிச்சுக்க. அங்கயே உக்காந்துக்காத. ஆர்டர் போடற மெர்ச்சண்டைசர் எந்த மாடின்னு கேட்டுப் போய், பட்டறை மூடறதுக்கு முன்னால 2010-ல பீஸுக்கு என்ன வெலை குடுத்தீங்க, சுத்திகரிப்பு வந்த பொறவு 2012-ல என்ன வெலை குடுத்தீங்கன்னு ரெண்டே எண்ணு கேளு. அந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை பென்னி கூடியிருக்குதோ அதுதான் அவங்க பூமிக்குக் குடுத்தது. மிச்சத்தைப் பட்டறைக்காரனும் தைக்கற புள்ளைங்களும்தான் குடுத்திருக்கணும். தொழில் ரகசியம், சொல்ல முடியாதும்பாங்க. அதையும் தேதி போட்டு எழுதிக்க, அதுவும் தரவுதான். உன்ற கைடு, ‘மாதிரி அளவு பத்தாது’ம்பார். அவரை ஒரு ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் ஹாமுக்குச் சாப்பிடக் கூப்பிடு. என்ற விசா முடியறதுக்குள்ள வரச் சொல்லு, நான் பேசிக்கறேன்.