குட்டி யானையில் மூன்று நாய்கள்

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பெருமை. ஒன்று வெடி, இன்னொன்று நாய். இரண்டுக்கும் ஆகவே ஆகாது. மழை குறைந்த காய்ந்த சீமை என்பதால் சிவகாசியில் பட்டாசு வளர்ந்தது. அதே காய்ந்த காட்டில் முயல் துரத்தி வளர்ந்தவை சிப்பிப்பாறையும் கன்னியும். ராஜபாளையத்து வெள்ளை நாய்க்கு 2005-இல் தபால்தலையே போட்டார்கள். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு கடையை மூடிவிடும். நாய்க்கு 45,000 வரை திறந்திருக்கும். அந்தக் காதோடு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வெடி போடும் ஊரில் குடியிருக்க வேண்டுமென்றால் எப்படி?

என்னிடம் மூன்று. பெயர் வைத்தவன் பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், கணக்கெழுதும் என் மச்சான். கன்னி, குருவி. சிப்பிப்பாறை, சரவெடி. ராஜபாளையம், புஸ்வாணம். புஸ்வாணத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வெள்ளை இனத்தில் இது உண்டு. என்ன பெயர் வைத்தாலும் அவனுக்கு ஒன்றுதான்.

கோவையில் நாய்களுக்குத் தடை தாண்டும் போட்டி என்றார்கள். 1978-இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் கலையாமலிருக்கக் குதிரைப் போட்டியைப் பார்த்து உண்டாக்கிய விளையாட்டு. கம்பு தாண்டணும், துணிச் சுரங்கத்தில் நுழையணும், சீசாப் பலகையில் ஏறி இறங்கணும். நாம் கூடவே ஓடிக் கை காட்டணும். முயல் வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் முடித்து வைத்த பிறகு எங்கள் நாய்களுக்கு உத்தியோகம் கிடையாது. கட்டில் காலைக் கடித்துக்கொண்டு கிடந்தன. போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம்.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் கூடவே வைத்துக்கொள்ள முதல் வகுப்புக் கூப்பே முழுசாக எடுக்க வேண்டும். ஆகவே மச்சானின் சிநேகிதனுடைய குட்டி யானை வண்டியில், வெயில் தாழ, வைக்கோல் பரப்பி ஏற்றினோம். சரவெடியை ஏற்றுவது ஈசிசேரை மாடிக்குக் கொண்டுபோவது மாதிரி: ஒரு காலை மடக்கினால் மூன்று கால் விரியும்.

திருத்தங்கல் தாண்டியதும் போலீஸ் கை காட்டியது. தீபாவளிக்கு முந்தின மாசம், சிவகாசியிலிருந்து தார்ப்பாய் போட்ட வண்டி.

"என்னய்யா லோடு?"

மச்சான் பழக்கதோஷத்தில், "குருவி, சரவெடி, புஸ்வாணம் சார்" என்றான்.

சரவெடிக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஏட்டு முகம் மாறியது. "பில் இருக்கா?" என்றபடி தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளேயிருந்து நீண்ட மூக்கு ஒன்று வெளியே வந்து அவர் தொப்பியை மோந்தது. "சரவெடி, உட்காருடா!" என்று அதட்டினேன். அது உட்காரவில்லை. ஏட்டுதான் இரண்டடி பின்னால் போனார்.

விருதுநகரில் எண்ணெய் பரோட்டா பொட்டலம் வாங்கினோம். எங்களுக்கு என்றுதான் வாங்கினோம். ஒட்டன்சத்திரத்தில் பிரித்தபோது சால்னா மட்டும் இருந்தது.

காலையில் மைதானம். லாப்ரடாரும் ஷெப்பர்டும் எஜமான் முகத்தையே பார்த்து நிற்கின்றன. எங்கள் ஜாதி அப்படியில்லை. கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை, யாரையும் கேட்டுக்கொண்டு ஓடிப் பழக்கமில்லை. குருவி ஒரு தடையைத் தாண்டியதும் மைனாவைப் பார்த்தாள். மிச்சத் தடைகளை நான் மட்டும் சுற்றி வந்தேன். சரவெடி எல்லாவற்றையும் தாண்டினான், வேலியையும் சேர்த்து. மச்சான் ஆட்டோ பிடித்துப் போய்க் கூட்டி வந்தான்.

புஸ்வாணத்தின் முறை. அவனுக்குப் பேச்சு கிடையாது, கை ஜாடைதான். அதனால் என் கையைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். பாதி தூரம் போயிருப்பான், மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ கட்சிப் பிரமுகருக்கு வரவேற்பு. பத்தாயிரம் வாலா. மைதானத்தில் அத்தனை நாயும் வாரை அறுத்துக்கொண்டு தெறித்தது. துணிச் சுரங்கத்துக்குள் ஏழெட்டுப் புகுந்து, மலைப்பாம்பு பன்றியை விழுங்கினாற்போல் அது உப்பிவிட்டது. நடுவர் மேசைக்கடியில் ஒரு ஷெப்பர்ட். பக்கத்திலேயே நடுவர். புஸ்வாணம் மட்டும் சீசாவில் ஏறி, அது சாயும்வரை பொறுமையாக நின்று, இறங்கி, அடுத்து என்ன என்று என்னைப் பார்த்தான்.

முதல் பரிசு அவனுக்கே. "இந்தச் சத்தத்திலும் அசையவில்லையே, எப்படிப் பழக்கினீர்கள்?" என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மதிலைத் தாண்டிப் பறந்து வந்த பட்டாசு உறை ஒன்றை மச்சான் எடுத்துத் தூசி தட்டினான்.

"நம்ம கம்பெனி சரக்கு!" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.