சாகும்வரை காத்திருந்த சந்தை

மட்டக்களப்பு வாவிக்கரையில் மீன் கூறி விற்பதைப் பார்த்தவருக்கு ஏலத்தின் சூட்சுமம் தெரியும். துடிக்கிற மீனுக்குத்தான் விலை. கண் வெளுத்தால் பூனைக்கு. ஓவியச் சந்தைக்காரர்கள் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள்.

வாசுதேவ் கைதொண்டேயின் கதை அதுதான். 1924இல் நாக்பூரில் பிறந்த கோவாக் குடும்பத்துப் பிள்ளை. பம்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் 1948இல் படித்து முடித்தார். ஹுசைன், ராசா இருந்த முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தும் தனி ஆள்தான். ஆரம்பத்தில் மனிதர்களைக் கீறினார். பிறகு அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படத்தை விட்டு வெளிக்கிட, 1950களின் முடிவில் நிறமும் வெளிச்சமும் மட்டும் மிச்சம்.

"இதில என்ன இருக்கு?" என்று கேட்க எங்கட ஊராருக்கு வாயில்லை. அதே 1950களில் லாங் சுவாமி என்ற அமெரிக்க இயேசுசபைக் குரு வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீனைப் பதிவுசெய்தார். பிறகு அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. பாடகரைக் கண்டவர் இல்லை. மீனா, சிப்பியா என்ற வழக்கே இன்னும் முடியவில்லை. ஆனாலும் பௌர்ணமி இரவில் தோணியேறித் துடுப்பில் காதை வைத்தவர்கள் நாங்கள்.

1964இல் றொக்பெல்லர் நிதி கைதொண்டேயை நியூயோர்க்குக்கு அனுப்பியது. செத்தவர் படத்தை விற்கிற வியாபாரத்தில் அந்த ஊர் பழம் தின்று கொட்டை போட்டது. ஓவியர் ஜாக்சன் பொலொக் 1956இல் வெறியில் கார் ஓட்டிச் செத்ததில் சந்தைக்கு ஒரு நட்டமும் வரவில்லை. கைதொண்டே திரும்பி வந்து ரோலரும் கத்தியுமாக நிறத்தைப் பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார். வருடத்துக்கு ஒரு சில படங்கள்தான். 1971இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அடுத்த வருடம் டெல்லி நிஜாமுதீனில் ஒரு மொட்டைமாடி அறைக்குள் போய் அடைந்தார். 1984இல் விபத்து. அதன்பின் சில வருடங்கள் மனதுக்குள்ளேயே கீறிக்கொண்டிருந்தாராம். அந்தப் படங்களை மட்டும் எந்தக் கம்பனியும் ஏலத்தில் விடமுடியவில்லை.

2001 ஓகஸ்டில் கண்ணை மூடினார். ஊர் பெரிதாகக் கவனிக்கவில்லை. கணக்குப் பார்ப்பவர்கள் கவனித்தார்கள்: இனி ஒரு படமும் புதிதாக வராது! 2013இல் மும்பையில் ஒரு படம் 23.7 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. 2014இல் நியூயோர்க் குகென்ஹைம் அருங்காட்சியகமே அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. பிறகு கேட்கவா வேண்டும்? 2015இல் 29.3 கோடி. 2021இல் 39.98. 2025 செப்டம்பரில், 1970இல் கீறிய தலைப்பில்லாப் படமொன்று 67.08 கோடி. மாடியறை மனிதரின் பங்கு சைபர்.

கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே கீறப் படித்து வெளியே வருகிற பிள்ளைகளிடம் இப்பவே ஒரு படம் வாங்கிவிடுங்கள். விலையும் கட்டுப்படியாகும், காசும் கீறின கைக்கே போகும்.